கைநாட்டும் கைவிரிப்பும்

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பெங்களூரு காவல் நிலையங்களுக்குப் புதுவகைப் புகார்கள் வரத் தொடங்கின. புகார் கொடுத்தவர்கள் ஓடிபி எண்ணை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஏ.டி.எம். அட்டை அவர்களிடமே இருந்தது. பரிசு விழுந்திருப்பதாக வந்த இணைப்பு எதையும் அவர்கள் தொட்டிருக்கவில்லை. ஆயினும் கணக்கில் இருந்த பணம் எடுக்கப்பட்டிருந்தது. அவர்களில் பலருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அண்மையில் சார் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று ஏதோ ஒரு சொத்துப் பத்திரத்தில் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

பணம் போன வழி ஏ.இ.பி.எஸ். எனப்படும் ஆதார் வழிப் பணப் பட்டுவாடா. வங்கிக் கிளை இல்லாத சிற்றூர்களில் முதியோர் ஓய்வூதியத்தையும் நூறு நாள் வேலைக் கூலியையும் வீட்டருகிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு இது. கையடக்க இயந்திரத்துடன் ஒரு வங்கி முகவர் இருப்பார். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் அவருக்குப் போதும். அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். ஒரு முறைக்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிக்கு இது வசதிதான். அதே மூதாட்டியின் ரேகையைப் படியெடுத்து வைத்திருப்பவனுக்கு இது இன்னும் பெரிய வசதி.

ரேகை எங்கிருந்து கிடைத்தது? பத்திரப் பதிவுச் சட்டத்தின் 32-ஏ பிரிவு, ஆவணத்தைத் தாக்கல் செய்பவரின் புகைப்படத்தையும் விரல் ரேகையையும் கட்டாயமாக்குகிறது. பத்திரத்தில் ஆதார் எண்ணும் எழுதப்படுகிறது. கர்நாடகப் பதிவுத் துறையின் 'காவேரி' இணையதளத்தின் வழியே பத்திரங்களின் படிகளைப் பெற முடிந்தது. ஆதார் எண்ணும் ரேகையும் ஒரே தாளில் இருந்ததால், திருடனுக்குத் தேவைப்பட்ட மூன்றில் இரண்டு ஒரே இடத்தில் கிடைத்தன. அங்கிருந்து எடுத்த ரேகைகளைச் சிலிக்கானில் வார்த்துப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று காவல்துறை ஐயுற்றது. மங்களூருவிலும் இதே வகைப் புகார்கள் எழுந்தன. அதன் பிறகே பத்திரப் படிகளில் ரேகையை மறைக்கும் நடவடிக்கையில் மாநில வருவாய்த் துறை இறங்கியது.

இது எவரும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாத தந்திரம் அன்று. 2018-ஆம் ஆண்டிலேயே தெலங்கானாவில், பதிவுத் துறை இணையதளத்திலிருந்து எடுத்த ரேகைகளை ரப்பரில் வார்த்து, அவற்றைக் கொண்டு சிம் அட்டைகளைச் செயல்படுத்திய ஒருவர் பிடிபட்டார். அண்டை மாநிலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அடித்த எச்சரிக்கை மணி அது. 2023 பிப்ரவரியில், போலி விரல்களைக் கண்டறியும் புதிய நுட்பத்தை அறிமுகப்படுத்தியிருப்பதாக ஆதார் ஆணையம் அறிவித்தது. பெங்களூருப் புகார்கள் குவிந்தது அதே ஆண்டில்தான். ஆணையத்தின் மையத் தரவுத்தளத்தை எவரும் உடைக்கவில்லை என்ற வாதம் உண்மையாகவே இருக்கலாம். பத்திரப் படியில் ரேகை கிடைக்கும்போது தரவுத்தளத்தை உடைக்கும் சிரமத்தை எந்தத் திருடன் மேற்கொள்வான்?

பெங்களூருவில் இது நடந்ததற்குத் தனிப் பொருள் உண்டு. நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001-இல் இங்குதான் திறக்கப்பட்டது. ஆதார் திட்டத்தின் தொழில்நுட்பம் இந்நகரில்தான் வடிவம் பெற்றது. அதன் முதல் தலைவர் நந்தன் நிலேகணி இந்நகரின் இன்ஃபோசிஸ் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர். அந்தத் திட்டத்தை எதிர்த்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவரும் பெங்களூருக்காரர்தான்: கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அவரது வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வங்கிக் கணக்குடன் ஆதாரை இணைத்தே தீர வேண்டும் என்ற ஒன்றிய அரசின் விதி 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் செல்லாததாயிற்று. ஆனால் அரசு உதவிகளுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்று அதே தீர்ப்பு அனுமதித்தது. விளைவு என்ன? வருமானம் உள்ளவருக்கு இணைப்பு விருப்பத்துக்குரியது. ஓய்வூதியமும் கூலியும் உதவித்தொகையும் கணக்கில் வந்து விழ வேண்டியவருக்கு அது நடைமுறையில் கட்டாயம். அவரது கணக்கே விரல் ரேகைக்குத் திறந்து கிடக்கிறது.

இணைய வங்கிக் கணக்குப் பாதுகாப்பு பற்றி அரசும் வங்கிகளும் பேசும்போதெல்லாம் ஒரே குரல்தான் கேட்கிறது: விழிப்புடன் இருங்கள். கைப்பேசியில் எவரையாவது அழைத்தால், மணி ஒலிப்பதற்கு முன்பே அறிவுரை ஒலித்த காலமும் உண்டு. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில், நில், சிந்தி, செயல்படு என்று மக்களுக்கு உபதேசித்தார். இந்த அறிவுரைகளில் தவறு ஏதும் இல்லை, பின்பற்றத் தக்கவையே. ஆனால் அவற்றின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். திருட்டு நடந்தால் குற்றம் ஏமாந்தவருடையது என்ற முடிவு அவற்றுக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. தண்ணீர் கலங்கிவிட்டது என்றால், நீங்கள் ஏன் பார்த்துக் குடிக்கவில்லை என்று கேட்கும் நகராட்சியைப் போன்றது இது.

கதவை அடைக்க வேண்டியவர்கள் அடைத்தபோதெல்லாம் திருட்டு குறைந்தது என்பதே இத்துறையின் வரலாறு. அட்டையை நேரில் காட்டாமல் இணையத்தில் வாங்குவதற்கு, அட்டையில் அச்சிட்ட எண்களுக்கு அப்பால் இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. வணிகம் படுத்துவிடும், வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்ற புலம்பல் எழுந்தது. அப்படி எதுவும் நேரவில்லை. இந்தியாவுக்குள் நடக்கும் பயணத்துக்கு வெளிநாட்டு வழியில் கட்டணம் பெற்று இந்த விதியை ஊபர் நிறுவனம் சுற்றிக் கடந்தது. 2014 ஆகஸ்டில், அக்டோபர் 31 வரை கெடு வைத்து, ரிசர்வ் வங்கி அந்த வழியையும் அடைத்தது. 2020-இல் மற்றொரு நல்ல விதி வந்தது: புதிய அட்டைகளில் இணையப் பயன்பாடும் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடக்கத்தில் மூடியே இருக்க வேண்டும், வேண்டுமென்றால் அட்டைக்காரரே திறந்துகொள்ளலாம். யுபிஐ-யில் 'பணம் கேட்டு' வரும் கோரிக்கையை வரவு என்று நம்பிப் பின் எண்ணை அழுத்தி இழந்தவர்கள் எண்ணற்றோர். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை என்று ஆண்டுக்கணக்கில் விளம்பரம் செய்தும் அது நிற்கவில்லை. தனிநபருக்கிடையிலான அந்தக் கோரிக்கை வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப் பட்டுவாடா நிறுவனம் எடுத்துவிட்டது. ஆண்டுக்கணக்கான விளம்பரம் செய்யாததை ஒரு சுற்றறிக்கை செய்தது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி இது: கடன் அட்டைக்காரருக்கு 2020-இல் கிடைத்த திறப்பு-அடைப்புப் பொத்தான் ஓய்வூதியதாரருக்கு ஏன் கிடைக்கவில்லை? அட்டை மூடிய நிலையில் வருகிறது. ஆதார் இணைந்த கணக்கோ விரல் ரேகைக்குத் திறந்த நிலையில் வருகிறது. அதை மூட வேண்டுமானால் ஆதார் செயலியில் நுழைந்து கைரேகையைப் பூட்டிக்கொள்ளுமாறு சொல்லப்படுகிறது. அதற்குத் திறன்பேசி வேண்டும். ஆதாரில் பதிந்த எண் இன்னும் பயன்பாட்டில் இருக்க வேண்டும். பிழைப்புக்காகத் தருமபுரியிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ பெங்களூருக் கட்டடப் பணிக்கு வந்து, இதற்குள் இரண்டு மூன்று சிம் மாற்றிய தொழிலாளிக்கு அந்த எண் எங்கே இருக்கும்? அப்படியே பூட்டினாலும், ரேஷன் கடை இயந்திரம் கேட்பதும் அதே விரலைத்தான். பணத்தைக் காக்க விரலைப் பூட்டினால் அரிசிக்காக அதை மீண்டும் திறந்தாக வேண்டும். வசதி படைத்தவருக்கு ஒரு சொடுக்கில் முடிகிற பாதுகாப்பு, உழைப்பாளிக்கு ஒவ்வொரு மாதமும் செய்ய வேண்டிய வேலையாகிறது. கடவுச்சொல் திருட்டுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள முடியாது.

ரிசர்வ் வங்கி இந்த முகவர்களைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை என்று சொல்ல இயலாது. முகவர்களின் பின்னணியைச் சோதித்துச் சேர்க்க வேண்டும், தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்று 2025 ஜூன் 27 அன்று வங்கிகளுக்கு ஆணையிட்டது. அது நடைமுறைக்கு வர 2026 ஜனவரி 1 என்று நாள் குறிக்கப்பட்டது. பெங்களூருப் புகார்களுக்கும் இந்த நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

சட்டப்படி வாடிக்கையாளர் கையறு நிலையில் இல்லை. ஆனால் அது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை ஒவ்வொரு கணக்குதாரரும் அறிந்திருக்க வேண்டும். வங்கியின் குறைபாட்டால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் வாடிக்கையாளரும் காரணமாகாமல் வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு ஒரு ரூபாய்கூட இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாயும் மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கு 10,000 ரூபாயும்தான் அவரது பொறுப்பின் உச்சவரம்பு. தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் அத்தொகையை வங்கி கணக்கில் தற்காலிக வரவாக வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். ரகசிய எண்ணைத் தானே சொல்லி இழந்தவர்கூட, புகார் கொடுத்த கணத்துக்குப் பின் நேரும் இழப்புக்குப் பொறுப்பாளி அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது.

தாளில் இப்படி இருக்கிறது. நடைமுறையில், ரேகை பொருந்திவிட்டது, ஆகவே எடுத்தது நீங்கள்தான் என்பதே இயந்திரத்தின் தர்க்கம். ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் வந்தது, ஆகவே கொடுத்ததும் நீங்கள்தான் என்பது அதே தர்க்கத்தின் மறுபக்கம். நிரூபிக்கும் சுமை சத்தமின்றி இடம் மாறிவிடுகிறது. அஸ்ஸாமில் ஒரு வாடிக்கையாளர் 2021-இல் 94,204 ரூபாயை இழந்தார். 24 மணி நேரத்துக்குள் வங்கிக்குத் தெரிவித்தார். அந்தத் தொகையைத் திரும்பப் பெற அவர் கவுகாத்தி உயர் நீதிமன்றம் வரை போராட வேண்டியிருந்தது. நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் வங்கி, ஒரு லட்சத்துக்கும் குறைந்த அத்தொகைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஜனவரி 3 அன்று அதன் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பொறுப்பிலிருந்து வங்கி நழுவ முடியாது. இத்தகைய பரிவர்த்தனைகளைக் கண்டறிந்து தடுக்கும் தொழில்நுட்பம் அதனிடம்தான் இருக்கிறது என்று நீதிமன்றம் சுட்டியது. மூன்று ஆண்டுகள் வழக்கு நடத்த எத்தனை கூலித் தொழிலாளர்களால் முடியும்?

2017 சுற்றறிக்கையிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அது 'அனுமதியற்ற' பரிவர்த்தனைகளுக்கே பொருந்தும். மிரட்டப்பட்டு, ஏமாற்றப்பட்டு, தன் கையாலேயே பணத்தை அனுப்பியவர் அதன் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார். இன்றைய பெருந்திருட்டு நடப்பதோ இந்த வழியில்தான். காவல்துறை, சுங்கத்துறை, சிபிஐ என்று சொல்லிக் காணொலியில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாக மிரட்டுகிறார்கள். இந்தியச் சட்டங்கள் எதிலும் அப்படி ஒரு கைது கிடையாது. பெங்களூருவில் தகவல் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த ஒரு பெண்மணி இவ்வகையில் 31.83 கோடி ரூபாயை இழந்த செய்தி 2025 நவம்பரில் வெளியானது. ஒரே நாளில் போன பணமன்று அது. 187 பரிவர்த்தனைகளில் போயிருக்கிறது. படித்தவர்கள் ஏமாறலாமா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. 187 முறை அந்தப் பணம் ஏதோ ஒரு வங்கியிலிருந்து புறப்பட்டு ஏதோ ஒரு வங்கியில் நுழைந்திருக்கிறது. அந்த வங்கிகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்டவர்கள் குறைவு. ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு ஆயிரம் சான்று கேட்கும் வங்கிகளாயிற்றே அவை.

நாடு முழுவதும் 2024-ஆம் ஆண்டில் மட்டும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய்க்கும் மேல் என்று ஒன்றிய உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முந்தைய ஆண்டின் 7,465 கோடியுடன் ஒப்பிட்டால் இது மூன்று மடங்கு. விழிப்புணர்வு விளம்பரங்கள் காதைத் துளைத்த ஆண்டும் அதுதான். டிஜிட்டல் கைது வழக்குகளைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2025 டிசம்பர் 1 அன்று அவற்றை நாடு முழுவதும் விசாரிக்குமாறு சிபிஐ-க்கு ஆணையிட்டது.

முதலாளித்துவ நாடான பிரிட்டனே இந்த ஓட்டையை ஓரளவு அடைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை இழப்பை ஈடுசெய்வது அங்கே கட்டாயம். சுமையில் பாதியைப் பணம் அனுப்பிய வங்கியும் மறுபாதியைப் பணம் போய்ச் சேர்ந்த வங்கியும் ஏற்க வேண்டும். இந்த இரண்டாம் பாதிதான் முக்கியமானது. திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கும் வலிக்கும் என்றால்தான் அது கணக்குத் திறக்கும்போது கண்ணைத் திறந்து பார்க்கும். சிங்கப்பூரிலோ போலி வங்கிச் செய்திகளால் நேரும் இழப்பில் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் 2024 டிசம்பரில் பொறுப்பாக்கிவிட்டார்கள்.

இங்கே திருட்டுப் பணம் கடந்து செல்லும் 'மியூல்' கணக்குகளைக் கண்டறிய ஒரு மென்பொருள் உருவாக்கப்பட்டிருக்கிறது. அதை உருவாக்கியது பெங்களூருவில் இயங்கும் ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம்தான். அதை வரவேற்கலாம். ஆனால் அந்தக் கணக்குகளின் சொந்தக்காரர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தம் பெயரில் கணக்குத் திறந்து, அட்டையையும் சிம்மையும் யாரிடமோ ஒப்படைத்துவிட்ட மாணவர்கள், வேலையற்றோர், தினக்கூலிகள் அவர்களில் ஏராளம். வழக்கு வரும்போது முதலில் சிக்குவது அவர்கள் பெயர். அழைப்பின் மறுமுனையிலும் இதே துயரம்தான். நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ்நாட்டு, கர்நாடக இளைஞர்கள் மியான்மரிலும் கம்போடியாவிலும் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, அடி உதைக்கு அஞ்சி மோசடி அழைப்புகளைச் செய்ய வைக்கப்படுகிறார்கள். மியான்மரில் 1,20,000 பேரும் கம்போடியாவில் 1,00,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் கூறியது. ஏமாற்றுபவராக நிறுத்தப்பட்டவரும் ஏமாந்தவரும் கணக்கை இரவல் கொடுத்தவரும் ஒரே வேலையின்மையின் மூன்று முகங்களாக இருக்கும்போது, பணம் குவியும் இடம் வேறெங்கோ இருக்கிறது.

பணம் போன தடத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்ற வாதத்தையும் பெங்களூருவே பொய்யாக்கிவிட்டது. 2025 ஜூலையில் மாநில வணிகவரித் துறை யுபிஐ விவரங்களைத் திரட்டி, காய்கறிக் கடைக்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் பல ஆண்டுகளுக்கான வரி அறிவிப்புகளை அனுப்பியது. பெங்களூருச் சாலையோரங்களில் 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற அட்டைகள் தொங்கத் தொடங்கின. வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின் முதலமைச்சர் இறங்கி வர வேண்டியதாயிற்று. பால் பாக்கெட்டும் தக்காளியும் விற்றவரின் நான்காண்டு வரவைத் தேடி எடுக்க முடிந்த அரசு எந்திரம், ஓய்வூதியதாரரின் பத்தாயிரம் யார் கைக்குப் போனது என்று கேட்டால் மட்டும் கை விரிக்கிறது.

மக்கள் ஏன் இணையத்தை நோக்கித் தள்ளப்பட்டார்கள் என்பதும் இத்துடன் சேர்ந்ததே. கனரா, சிண்டிகேட், விஜயா, கார்ப்பரேஷன், ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் என ஐந்து பொதுத்துறை வங்கிகளின் தாயகம் கர்நாடகம். 2017 ஏப்ரலில் மைசூர் வங்கி ஸ்டேட் வங்கிக்குள் கரைந்தது. 2019 ஏப்ரலில் விஜயா வங்கி பரோடா வங்கிக்குள் மறைந்தது. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் கனராவுடனும் கார்ப்பரேஷன் யூனியன் வங்கியுடனும் இணைக்கப்பட்டன. ஐந்தில் ஒன்றே மிஞ்சியது. அருகருகே இருந்த கிளைகள் மூடப்பட்டன. கணக்குதாரர்களுக்குப் புதிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, புதிய காசோலை, புதிய செயலி என்று எல்லாம் மாறின. 'உங்கள் கேஒய்சி காலாவதியாகிவிட்டது' என்று அழைப்பவன் உண்மையான வங்கிக்காரனைப் போலவே ஒலித்ததற்கு இந்தக் குழப்பம் நல்ல பின்னணி இசை அமைத்துக் கொடுத்தது. முன்பெல்லாம் முதியவர் ஒருவர் வைப்புநிதியை முறித்துப் பெருந்தொகையை அனுப்ப வந்தால், என்ன ஐயா அவசரம் என்று கேட்பதற்கு அறிமுகமான எழுத்தர் ஒருவர் இருந்தார். அந்தக் கேள்வியைவிடச் சிறந்த பாதுகாப்பு மென்பொருளை இன்னும் எவரும் எழுதவில்லை. அந்த நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. போதிய பணி நியமனம் கோரி வங்கி ஊழியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுப்பது சம்பளப் பிரச்சினை மட்டுமன்று. வாடிக்கையாளரின் பணத்தைப் பற்றியதும்தான்.

தனியார் செய்தாலும் அரசு செய்தாலும், தகவல் கசிந்தால் இழப்பீடு யாருக்கு என்ற கேள்விக்குப் புதிய சட்டம் அளிக்கும் விடை விசித்திரமானது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அபராதத் தொகை ஒன்றிய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு அதில் பங்கில்லை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோர வழிவகுத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டம் வகை செய்கிறது. தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த நிலைமை மாறும் வரை மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கான வழிகளைத் தொழிற்சங்க அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் அவரவர் மொழியில் கொண்டுசேர்ப்பது கட்சிக் கிளைகளின் அன்றாடப் பணியாக வேண்டும். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பீன்யாவின் தொழிற்பேட்டையிலும் உள்ள தமிழ்த் தொழிலாளிக்கு வங்கியின் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அவர் அதைப் படித்துக் காட்ட ஆள் தேடும் நேரத்தில் மூன்று நாள் கெடு ஓடிவிடுகிறது. வங்கியில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் தற்போதைய எண்தானா என்று பார்ப்பது முதல் வேலை. ஆதார் வழியே பணம் எடுக்காதவர்கள் கைரேகையைப் பூட்டிவைக்கலாம். ரேஷன் நாளில் மட்டும் திறந்துகொள்ளலாம். சேமிப்பு முழுவதையும் யுபிஐ இணைந்த கணக்கில் வைத்திராமல், அன்றாடச் செலவுக்கென ஒரு சிறு கணக்கைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதம், திருமண அழைப்பிதழ் என்ற பெயர்களில் வரும் செயலிக் கோப்பைத் திறந்தால், கைப்பேசிக்கு வரும் ஓடிபி அனைத்தும் திருடனுக்கும் தெரியும். திரையைப் பகிரச் சொல்பவர் எவரும் வங்கிக்காரர் அல்லர். வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வேறு முடிவுள்ள முகவரியில் கடவுச்சொல்லைத் தரலாகாது. கணக்கை எவருக்கும் இரவலாகவோ வாடகைக்கோ தரக் கூடாது என்பதை இளைஞர்களிடம் தனியாகவே பேச வேண்டும்.

பணம் போய்விட்டால் முதல் மணி நேரமே பொன்னானது. 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. அத்துடன் நின்றுவிடலாகாது. அதே நாளில் கிளைக்குச் சென்று எழுத்துமூலம் புகார் கொடுத்து, தேதியுடன் முத்திரையிட்ட படியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைப் பெயர் சொல்லியே அதில் குறிப்பிட வேண்டும். 30 நாட்களில் பதில் இல்லையென்றாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஏமாந்தவர் வெட்கத்தால் வாய் மூடிக்கொள்வதே திருடனுக்கும் வங்கிக்கும் ஒருசேரக் கிடைக்கும் பரிசு. அந்த வெட்கத்தைப் போக்கி அவருடன் வங்கிக் கிளை வரை நடக்க ஒரு தோழர் இருந்தால் போதும்.

ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25 அன்று சரிபார்ப்பு முறைகள் பற்றிப் புதிய நெறிகளை வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தது. அந்நெறிகளைப் பின்பற்றாமல் நடந்த பரிவர்த்தனையால் இழப்பு நேர்ந்தால், மறுபேச்சின்றி முழுத் தொகையையும் வங்கி ஈடுசெய்ய வேண்டும் என்ற வரி அதில் உள்ளது. இந்த வரி மற்ற எல்லா இழப்புகளுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். மிரட்டிப் பறிக்கப்பட்ட பணத்துக்கும் ஈடு வேண்டும். அதில் பணம் போய்ச் சேர்ந்த வங்கியும் பங்கேற்க வேண்டும். கணக்குதாரர் எழுதிக் கேட்டாலன்றி விரல் ரேகைக்கு எந்தக் கணக்கும் திறக்கலாகாது. எச்சரிக்கைச் செய்திகள் கணக்குதாரரின் மொழியில் வர வேண்டும். கர்நாடக அரசுக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. ரேகை மறைக்கப்படுவதற்கு முன்பு எவருடைய பத்திரப் படிகள் வெளியே போயின என்று கணக்கெடுத்து, ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர்களின் முகவரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே பத்திரங்களில், கைநாட்டுக்கு அருகிலேயே எழுதப்பட்டிருக்கிறது.